நடுவில் பத்து வரி

1912 பிப்ரவரி 9ஆம் தேதியிட்ட ஒரு வேலை விண்ணப்பம் இருக்கிறது. திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுதியது. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலி என்று அறிந்தேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன், மெட்ரிகுலேஷன் தேறியவன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில 'அன்டுவர்ட்' சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை, அன்றுமுதல் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்துவருகிறேன். விஷயம் இவ்வளவுதான். கையெழுத்து: எஸ். ராமானுஜன்.

அந்த 'அன்டுவர்ட்' என்ற சொல்லில் ரொம்ப நாளாக எனக்கு ஒரு கண். விரும்பத்தகாத, எதிர்பாராத, வாய்க்குள் போட்டு மென்று விழுங்கிவிடக்கூடிய கெட்டது எதுவோ அது. அந்தச் சூழ்நிலைகள் என்னவென்று நமக்குத் தெரியும். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் உடலியலிலும் மற்றவற்றிலும் கோட்டைவிட்டு எஃப்.ஏ. தேறவே இல்லை. ஆக, ஆங்கிலத்தில் தோற்றதை மறைப்பதற்கு ஆங்கிலத்திலேயே தேடி எடுத்த சொல் அது. இதைவிடப் பொருத்தமாக ஒரு ஆங்கிலப் பேராசிரியரால்கூட எழுதியிருக்க முடியாது. அப்படியானால் எழுதியது யார்?

ராமானுஜனின் கணிதத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் அதற்குத் தகுதியானவன் இல்லை. பொறியியல் கல்லூரியின் நான்கு கணிதத் தாள்களோடு என் கணக்கு முடிந்தது. அவருடைய கடிதங்களைக் கடிதங்களாகவே, அதாவது ஆங்கில உரைநடையாக யாராவது படித்திருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. இரண்டாம் மொழியில் எழுதும் ஒரு மனிதன், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல் எடுத்துக்கொடுக்கும் இன்னொரு மனிதன். இந்த ஜோடி நம் இலக்கிய வரலாற்றில் நிறையவே உண்டு. முதல் ஆளைப் பற்றி எழுதுகிறோம். இரண்டாவது ஆள் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

விண்ணப்பத்தையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். அதில் 'தி சேம்' என்று ஒரு பிரயோகம் வருகிறது. ஓர் இடம் காலியாக உள்ளது, 'தி சேம்' அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்கிற தோரணையில். இன்றைக்கும் எந்த ஐ.டி. அலுவலகத்தின் மின்னஞ்சலைத் திறந்தாலும் இது இருக்கும்: ஃபைலை இணைத்திருக்கிறேன், 'கைண்ட்லி செக் தி சேம்'. வெளிநாட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு எதோடு சேம் என்று தேடுவார்கள். ரென் அண்ட் மார்ட்டின் படித்த வாத்தியார்கள் இதை இந்தியத் தவறு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்திரம் எழுதுகிறவர்களின் ஆங்கிலத்தில் அது பழைய பிரயோகம்தான். அங்கே அது வழக்கொழிந்தது, இங்கே தங்கிவிட்டது. தங்கியதற்கும் காரணம் இருக்கிறது. நம்மிடம் 'மேற்படி' என்று ஒரு சொல் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. மேற்படி இடம், மேற்படி நபர், மேற்படி விஷயம். 'தி சேம்' வந்து அதன் மடியில் அமர்ந்துகொண்டது. 'டூ தி நீட்ஃபுல்' கதையும் இதேதான். 'ஆவன செய்யவும்' என்று எழுதிய கை அதை ஆங்கிலத்தில் எழுதும்போது வேறு எப்படி எழுதும்?

இன்னொரு சொல் 'பெக்'. விண்ணப்பத்தில் விண்ணப்பிப்பதற்கும் பெக், முடிவில் வேலையை அருளச் சொல்வதற்கும் பெக். அடுத்த வருடம், 1913 ஜனவரி 16ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் திறப்பதும் அதே பெக்கில்தான். அறிமுகப்படுத்திக்கொள்வதற்கே பெக். பிறகு உத்தியோகம், அது எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவு, வருடச் சம்பளம் வெறும் 20 பவுண்டு, வயது சுமார் 23. (வயது உண்மையில் 25. அது தனி வேடிக்கை.) ஒரு கணிதவியலாளர் இன்னொரு கணிதவியலாளருக்கு எழுதும் கடிதம் இப்படித் தொடங்காது. கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் எழுதிக்கொடுக்கும் மனு இப்படித்தான் தொடங்கும்: இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன தொழில், இன்ன வருமானம், ஐயா சமூகத்துக்கு.

ஆனால் நாலைந்து வாக்கியம் தாண்டினால் குரல் மாறுகிறது. பல்கலைக்கழகப் படிப்பு எனக்கு இல்லை, வழக்கமான பாதையில் நான் போகவில்லை, எனக்கென்று ஒரு புதுப்பாதை வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் வருகிறது. மனு எழுதுகிறவன் சொல்லக்கூடிய வார்த்தையா இது? மனுவில் யாரும் புதுப்பாதை வெட்ட மாட்டார்கள். பிறகு பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். இறுதியில் திரும்பவும் குரல் தணிகிறது: நான் ஏழை, அனுபவமில்லாதவன், தங்கள் ஆலோசனையைப் பெரிதும் மதிப்பேன், கொடுத்த சிரமத்துக்கு மன்னிக்கவும். ஒரே தாளில் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார். இன்னொருவர் நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜின் பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் ராமானுஜன் எழுதினார், பயனில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது ஹார்டி பிற்பாடு சொன்ன ஒன்று. ராமானுஜன் மறைந்த பிறகு எழுதிய நினைவுக் கட்டுரையில் ஹார்டி இந்தக் கடிதங்களின் ஆங்கிலம் முழுக்க அவருடையதாக இருக்க முடியாது என்கிறார். அந்தக் காலகட்டத்தில் அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் போதாது, அங்கங்கே அவர் இயல்போடு ஒட்டாத தொடர்கள் இருக்கின்றன, நண்பர்கள் கொஞ்சம் உதவினார்கள் என்று அவரே சொன்னதாக ஞாபகம் என்கிறார். அப்புறம் அதைத் தட்டிவிட்டுப் போகிறார்: கணிதம்தான் முக்கியம், அது முழுக்க முழுக்க அவருடையது.

ஹார்டி சொன்னது சரி. ஒரு கணிதவியலாளர் அப்படித்தான் சொல்ல வேண்டும். இலக்கிய வாசகனுக்கு அது போதாது. அந்த நண்பர்கள் யார், அவர்கள் எதைத் தொட்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள்?

இங்கேதான் எங்கள் ஊர் வருகிறது. துறைமுகக் கழகத்தில் ராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்தவர் எஸ். நாராயண ஐயர், தலைமைக் கணக்கர். கணிதத்தில் எம்.ஏ. கணக்கராவதற்கு முன் அவர் பார்த்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணித ஆசிரியர் வேலை. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. இன்றைக்கு சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிற யாரும் அதன் லூர்து மாதா கோயில் கோபுரத்தைப் பார்க்காமல் போக முடியாது. பின்னாளில், ஐம்பதுகளில், ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பையனும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பையனும் அங்கே படிக்க வந்தார்கள். முதல் பையன் அப்துல் கலாம், இரண்டாவது பையன் சுஜாதா. கலாமின் ஆங்கிலத் தன்வரலாறு 1999இல் வந்தபோது அட்டையில் அருண் திவாரியின் பெயரும் இருந்தது. அதாவது இரண்டாவது ஆள் அட்டைக்கு வருவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நாராயண ஐயரும் ராமானுஜனும் மாலை வேளைகளில் திருவல்லிக்கேணி வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் எழுதும் வேகத்துக்கு நாராயண ஐயரால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு வரி எழுதுவார், முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே என்ன நடந்தது என்று யாருக்கும் புரியாது. நாராயண ஐயர் சொன்னதாகக் குடும்பத்தார் வழியாக வந்திருக்கும் செய்தி இது: கூடவே இருக்கிற எனக்கே புரியலையே, மத்தவங்க எப்படி ஒத்துப்பாங்க? என் மட்டத்துக்கு இறங்கி வா, உன் ரெண்டு வரிக்கு நடுவில் குறைஞ்சது பத்து வரியாவது எழுது.

இது கணிதத்தைப் பற்றிய ஆலோசனை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மொழி உதவி என்பதற்கு நான் பார்த்த மிகச் சரியான விளக்கம் இதுதான். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தபோதும் இதே பிரச்சினை. இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதைப் பலமுறை திருப்பி அனுப்பினார். சுருக்கம் அதிகம், தெளிவு குறைவு, சாதாரண வாசகனால் தொடர முடியாது என்பது அவர் குறை. இதில் ஸ்பெல்லிங் பற்றியோ ஆர்ட்டிகிள் பற்றியோ ஒன்றும் இல்லை. படிக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று எழுதுகிறவனுக்குத் தெரியவில்லை, அதுதான் குறை. 'எ' போட வேண்டிய இடத்தில் 'தி' போடுவது அதற்கு எவ்வளவோ அப்புறம் வரும் விஷயம்.

ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் நாராயண ஐயரின் கை இருந்தது என்றே ராமானுஜன் வரலாற்றாசிரியர்கள் பலரும் கருதுகிறார்கள். எந்த வரி என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. என் ஊகம் இது: வாசலும் வழியனுப்பும் நண்பர்களுடையவை. பெக், சம்பளம், மன்னிக்கவும் எல்லாம் அந்தக் காலத்து ஆபீஸ் ஆங்கிலம், நல்ல மனதோடு கொடுத்த இரவல் சட்டை. நடுவில் வரும் அந்தப் புதுப்பாதை மட்டும் இரவல் இல்லை. அதைத் திருத்தாமல் விட்டார்களே, அந்த விவேகத்துக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். வேறு யாராவதாக இருந்தால் 'கொஞ்சம் அடக்கமா இருக்கட்டுமேப்பா' என்று அடித்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் படிக்கிறேன் என்றால், பகல் நேரத்தில் என் வேலையில் பாதி இதுதான். கோட் ரிவ்யூ என்று பெயர். உண்மையில் பார்ப்பது கோடைவிட அதைச் சுற்றியுள்ள ஆங்கிலம். எங்கள் குழுவில் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், பிறகு திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரி. வேலையில் சூரப்புலி. வெளிநாட்டில் இருந்த சீனியர் ஒருவருக்கு அவள் எழுதினாள்: 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்'. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் குளிர்ந்த பதில் வந்தது. உன் அவநம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்கிற தொனி.

தமிழில் 'சார், ஒரு சந்தேகம்' என்று கையைத் தூக்காத மாணவன் உண்டா? சந்தேகம் நமக்குக் கேள்வி. மரியாதையான கேள்வி. நீங்கள் சொன்னது சரிதான், எனக்குத்தான் புரியவில்லை என்று முன்கூட்டியே பணிந்துவிட்டுக் கேட்பது. ஆங்கிலத்தில் 'டவுட்' அதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது: எனக்குப் புரிந்தது, உன்மேல்தான் நம்பிக்கை இல்லை. அவள் குனிந்து வணங்கியது அங்கே போய்ச் சேரும்போது விரல் நீட்டலாக மாறியிருந்தது. வருடாந்திர மதிப்பீட்டில் 'கம்யூனிகேஷன் தேறவில்லை' என்று ஒரு வரி ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். மீட்டிங்கில் மைக்கை மியூட்டிலேயே வைத்திருப்பாள். புரியாவிட்டாலும் 'ஓகே' என்று தட்டுவாள்.

ஒருநாள் கூப்பிட்டு, "தமிழ்ல சொல்லும்மா, அன்னைக்கு அவர்கிட்ட என்னதான் கேக்க வந்தே?" என்றேன்.

"அண்ணா, ரெண்டு ரிக்வெஸ்ட் ஒரே சமயத்துல வந்தா எது முன்னாடி எழுதும்னு அந்த டிசைன்ல சொல்லவே இல்லை. நம்ம டெஸ்ட்ல ஒண்ணு ஒண்ணா அனுப்புறதால தெரியாது. ப்ரொடக்ஷன்ல போய்த்தான் உதைக்கும்."

அவ்வளவு தெளிவு. இந்தத் தெளிவுக்கும் அவள் எழுதிய ஒற்றை ஆங்கில வரிக்கும் நடுவில் பத்து வரி காணாமல் போயிருந்தது. நான் செய்ததெல்லாம் அவள் சொன்ன வரிசையிலேயே அதை எழுதச் சொன்னதுதான். எது நடக்கிறது, எப்போது நடக்கிறது, எது தெரியவில்லை. டவுட் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. ஆர்ட்டிகிள் பிழை இரண்டு இருந்தது, விட்டுவிட்டேன். பிழையோடுதான் போயிற்று, பதில் ஒழுங்காக வந்தது.

'டுடே இட்செல்ஃப்', 'ஹீ ஒன்லி டோல்டு' என்று நாம் பேசுவதைக் கிண்டலடித்து ரீல்ஸ் போடுகிறார்கள். பார்த்தால் சிரிப்பு வருகிறதுதான். ஆனால் 'இன்னைக்கே' என்பதில் உள்ள அந்த ஏகாரத்தை, 'அவர்தான்' என்பதில் உள்ள தானை, ஆங்கிலத்தில் எங்கே வைப்பது? ஆங்கிலேயர் அதைக் குரல் அழுத்தத்தில் வைக்கிறார்கள். நமக்கு அது ஒரு எழுத்து, ஒரு சொல். எழுத்தைத் தொலைத்துவிட்டு வெறும் அழுத்தத்தை நம்ப மனசு வரவில்லை, ஒரு சொல்லைத் தேடி எடுத்து அங்கே ஒட்டவைக்கிறோம். பிழைக்குள் இருக்கும் இலக்கணத்தைப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல திருத்துநர். பிழையை மட்டும் பார்ப்பவருக்குச் சிவப்பு மை நிறைய செலவாகும்.

இரண்டாவது ஆட்களில் மிக உயரமானவர் என்று நான் நினைப்பது வலங்கைமான் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியை. ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. ராமானுஜன் ஆங்கிலத்தில் தோற்ற அதே கும்பகோணம் கல்லூரியில்தான் சாஸ்திரி பட்டம் பெற்றார், ராமானுஜன் பிறந்த அதே 1887இல். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். பிறகு கோகலேயின் சங்கம், சட்டசபை, பிரிவி கவுன்சில், தென்னாப்பிரிக்கா. அவருடைய ஆங்கிலப் பேச்சை வெள்ளி நாக்கு என்று வெள்ளைக்காரர்களே சொன்னார்கள்.

காந்தி தன் சத்திய சோதனையைக் குஜராத்தியில் எழுதினார். மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1927இலும் 1929இலும் இரண்டு பாகமாக வந்தது. 1940இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது முன்னுரையில் தேசாய் ஒரு செய்தி சொல்கிறார்: மொழியை ஒரு மதிப்புக்குரிய நண்பர் முழுக்கத் திருத்திக் கொடுத்தார், ஆங்கிலப் புலமைக்குப் பேர்போனவர், தன் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்த நண்பர் சாஸ்திரி. இன்று உலகம் முழுக்கப் படிக்கப்படும் காந்தியின் ஆங்கிலக் குரலில் வலங்கைமான்காரர் ஒருவரின் காது இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது அடக்கம் அல்ல. அடக்கத்தைப் போற்றி நம் ஊரில் போதுமான அளவு எழுதியாயிற்று. சாஸ்திரி அரசியலில் காந்தியோடு உடன்பட்டவர் இல்லை. அவர் மிதவாதி, ஒத்துழையாமையை நேருக்கு நேர் எதிர்த்தவர். தான் மறுக்கிற ஒரு மனிதனின் வாக்கியத்தை அந்த மனிதன் சொல்ல வந்தபடியே நிமிர்த்திக் கொடுப்பது எப்படிப்பட்ட ஒழுக்கம்! எதிர்க்கருத்துக்காரரின் பத்தியைத் திருத்தும்போது ஒரு 'ஆனால்' செருகிவிட யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? என்னால் முடியாது என்றே நினைக்கிறேன். 2018இல் திரிதீப் சுஹ்ருத் குஜராத்தி மூலத்தோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார். திருத்தத்தின் ருசி தெரிய வேண்டுமானால் அந்த ஓரக்குறிப்புகளோடு உட்காரலாம். மொழிபெயர்ப்பில் எது நழுவியது என்பது அங்கங்கே தெரியும்.

ஆர். கே. நாராயண் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கிவிடுகிறேன். கிரஹாம் கிரீன் அவருக்குப் பதிப்பகம் பிடித்துக்கொடுத்தார், 1935இல் வந்த முதல் நாவலுக்குத் தலைப்பை மாற்றினார், நாராயணஸ்வாமியை நாராயணாகக் குறைத்தார், மொழியையும் சரிபார்த்தார். இந்த உதவி இல்லாமல் மால்குடியே இல்லை. இருந்தாலும் எனக்கு ஒரு சின்ன நெருடல் உண்டு. பெயரைச் சுருக்குவது இங்கிலாந்து வாசகனின் நாக்குக்குச் செய்த உதவி, நாராயணுக்குச் செய்தது அல்ல. அங்கே இறங்கி வந்தவர் எழுத்தாளர்தான். ஹார்டியோ 'ராமானுஜன்' என்ற பெயரைச் சுருக்காமலே எழுதினார்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருத்துகிறவனுக்கே பெயர் கிடைத்த கதை ஒன்று எங்கள் தெருக்களில் எழுநூறு எண்ணூறு வருஷமாகச் சொல்லப்படுகிறது. நஞ்சீயர் கன்னட தேசத்துத் திருநாராயணபுரத்திலிருந்து துறவு பூண்டு ஸ்ரீரங்கம் வந்தவர் என்கிறது குருபரம்பரை. திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்று ஓர் உரை எழுதினார். அதை நல்ல எழுத்தில் படியெடுத்துத் தர வரதராஜன் என்ற இளைஞரை ஏற்பாடு செய்தார்கள். வரதராஜன் சுவடிக்கட்டோடு காவேரியைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரே பிரதி. கரையேறியவர் தான் கேட்டதை நினைவிலிருந்தே திரும்ப எழுதினார். தமிழில் வல்லவர் என்பதால் சில இடங்களில் தன் அர்த்தங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் வாங்கிப் படித்தார். என் கருத்துதான், ஆனால் நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறதே, என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததைக் கேட்டதும் அணைத்துக்கொண்டு 'நம்பிள்ளை' என்று பெயரிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது, வரதராஜன் மறைந்துபோனார்.

பேக்கப் இல்லாமல் ஒரே பிரதியைக் கையில் கொடுத்து அனுப்பலாமா என்று என் தொழில்புத்தி கேட்கிறது, அது கிடக்கட்டும். வெளியூரிலிருந்து வந்த குரு, உள்ளூர் மொழி கைவந்த சிஷ்யன். சிஷ்யன் தொட்ட இடத்தைக் குரு கண்டுபிடித்துவிடுகிறார், கண்டுபிடித்தும் கோபப்படவில்லை. காரணம் அவர் சொன்ன வாக்கியத்திலேயே இருக்கிறது: என் கருத்துதான். உரை முழுக்க வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாளம் வேறு. இன்றைய தங்கிலீஷைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உத்தர வீதியில் நின்றுகொண்டு சுளிக்க முடியாது.

இப்போது இரண்டாவது ஆளின் இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் சுற்றுவட்டாரத்தில் முப்பது நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுகள் இன்னும் தொங்குகின்றன. ஆனால் என் குழுவில் புதிதாக வருகிறவர்கள் யாரும் அங்கே போனவர்கள் இல்லை. எழுதுகிறார்கள், ஒட்டுகிறார்கள், சலவை செய்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆர்ட்டிகிள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். இந்த மின்னஞ்சல் தங்களை நலமாகச் சந்திக்கும் என நம்புகிறேன் என்று தொடங்கும். நான் அதை எதிர்ப்பவன் இல்லை. லால்குடிப் பெண்ணுக்கு அந்தக் கருவி அன்றைக்கு இருந்திருந்தால் 'டவுட்'டை மாற்றிக் கொடுத்திருக்கும், அந்த ஒரு வரி மதிப்பீட்டில் ஏறியிருக்காது. அது சின்ன விஷயம் இல்லை, சம்பளத்தில் தெரியும்.

என் தகராறு வேறு. இந்தச் சலவை ஆங்கிலம்தான் இந்தக் காலத்து 'பெக்'. எல்லோருக்கும் ஒரே இரவல் சட்டை. 1913இல் மனு ஆங்கிலத்தைப் பார்த்ததும் கேம்பிரிட்ஜ்காரர்களுக்குக் கொட்டாவி வந்த மாதிரி, இதைப் பார்த்ததும் இப்போது எனக்கு வருகிறது. பத்து வரி காணாமல் போன இடத்தில் கருவி பத்து வரி போட்டுத்தான் கொடுக்கிறது. ஆனால் அது தானாக ஊகித்துப் போட்ட பத்து வரி, அவளுடைய பத்து வரி இல்லை. அவளிடம் 'என்னதான் கேக்க வந்தே' என்று கேட்டால்தான் அந்த இரண்டு ரிக்வெஸ்ட் விஷயம் வெளியே வரும். எழுதிய வரியில் அது இல்லவே இல்லையே, கருவி எங்கிருந்து எடுக்கும்?

ஹார்டி பதில் எழுதினார், 1913 பிப்ரவரி 8ஆம் தேதி. நிரூபணங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். நடுவில் பத்து வரி வேண்டும் என்பதன் கேம்பிரிட்ஜ் வடிவம் அது. பிப்ரவரி 27ஆம் தேதி ராமானுஜன் எழுதிய இரண்டாவது கடிதத்தை முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஆள் நிமிர்ந்துவிட்டார். என் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் நண்பர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்கிறார். நேர் எண்களை எல்லாம் முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று நான் சொன்னால் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டிவிடுவீர்கள் என்று கேலியாக எழுதுகிறார். மனு ஆங்கிலத்தில் கேலி வராது, வந்தால் அது மனுவாக இருக்காது. இந்தக் கேலியை வேறு யாரும் எழுதிக்கொடுத்திருக்க முடியாது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அதே கடிதத்தில்தான் அந்த இன்னொரு வாக்கியமும். பாதிப் பட்டினியில் இருக்கிறேன், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள உணவு வேண்டும் என்கிறார். வேண்டும் என்பதற்கு அவர் போட்ட சொல் 'வாண்ட்'. இன்றைய திருத்துநர் எவரும் அதை 'நீட்' என்று மாற்றிவிடுவார். அந்தக் கால ஆங்கிலத்தில் 'வாண்ட்' என்பதற்கே இல்லாமை, தேவை என்ற பொருள் உண்டு என்பதால் அது பிழையும் இல்லை. ஆனால் எனக்கு அதில் கேட்பது தமிழின் 'வேணும்'. ஆசைக்கும் அவசியத்துக்கும் நாம் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சாப்பாடு வேணும். குழந்தையும் அப்படித்தான் சொல்லும், பசித்தவனும் அப்படித்தான் சொல்வான். 'நீட்' என்று போட்டிருந்தால் அது ஒரு கோரிக்கையாகியிருக்கும். யாரோ ஒருவர் அந்தத் தாளைப் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். பார்த்திருந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் கிளம்பினார். அதற்கு முன் நாராயண ஐயர் அவரிடம் ஒன்று கேட்டார் என்று குடும்பத்தில் சொல்லப்படுகிறது. ரெண்டு பேரும் சிலேட்டை மாத்திக்கலாமா, உன் சிலேட்டுல போட்டாலாவது எனக்கு ஏதாவது தோணுதான்னு பாக்கறேன் என்றாராம். மாற்றிக்கொண்டார்கள்.